ருஸ்லான் விமானங்கள் குறைகின்றன. பெருஞ்சுமையை இனி யார் தூக்குவது?

2025 ஜூலை 11ஆம் தேதி உக்ரேனியத் தலைநகர் கீவிலிருந்து ஒரு விமானம் கிளம்பியது. சாதாரண நாளில் இது செய்தியே ஆகாது. ஆனால் 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியது முதல் உக்ரேனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. ஏவுகணைகளும் டிரோன்களும் பறக்கும் அந்த வானில், 69 மீட்டர் நீளமும் 73 மீட்டர் இறக்கை அகலமும் கொண்ட ஒரு ராட்சத விமானம் எழும்பி, நாட்டின் எல்லையைத் தாண்டி, ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பத்திரமாகத் தரையிறங்கியது.

அது அன்டோனோவ் ஏஎன்-124. ‘ருஸ்லான்’ என்பது அதன் செல்லப்பெயர். ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் காவிய நாயகன் ஒருவனின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். போர் வெடித்தபோது பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த அந்த விமானத்தை, குண்டு விழும் நகரில் இருந்தபடியே பொறியாளர்கள் சீர்செய்து பறக்க வைத்தார்கள்.

ஒரு பழைய சரக்கு விமானத்துக்காக ஏன் இத்தனை பாடு? எண்ணிக்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும். போருக்கு முன்பு உலகில் வாடகைக்குக் கிடைத்த ருஸ்லான் விமானங்கள் சுமார் 20. இன்று மேற்கு நாடுகளும் அவற்றோடு வணிகம் செய்யும் நாடுகளும் அழைத்தால் வரக்கூடியவை ஆறு அல்லது ஏழு. புதிதாக ஒன்றுகூட எங்கும் கட்டப்படவில்லை. கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது 2004ஆம் ஆண்டில். அந்தக் கணக்கில் ஒன்று கூடினாலும் பெரிய செய்திதான்.

இந்த விமானத்தின் கதையில் ஒரு முரண் இருக்கிறது. இதைச் சேர்ந்து கட்டிய இரு நாடுகள்தான் இன்று ஒன்றோடொன்று போரிடுகின்றன. அதன் விலையை அந்த இரு நாடுகள் மட்டும் கொடுக்கவில்லை. பெரிய இயந்திரம் ஒன்று அவசரமாகத் தேவைப்படும் எந்த நாடும் கொடுக்கிறது.

எதற்காகப் பிறந்தது?

1968ஆம் ஆண்டு அமெரிக்கா சி-5 கேலக்ஸி என்ற பெரும் இராணுவச் சரக்கு விமானத்தைப் பறக்கவிட்டது. டாங்கிகளையும் ஹெலிகாப்டர்களையும் கடல் தாண்டிச் சில மணி நேரத்தில் கொண்டுசேர்க்க அதனால் முடிந்தது. பனிப்போர்க் காலம் அது. எதிரிக்கு உள்ளது தனக்கும் வேண்டும் என்று சோவியத் யூனியன் எண்ணியது. அதனிடம் அப்போது இருந்த பெரிய சரக்கு விமானமான ஏஎன்-22, காற்றாடி எந்திரத்தில் ஓடுவது. அதைவிட வேகமான, பெரிய, ஜெட் விமானம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு கீவில் இருந்த அன்டோனோவ் வடிவமைப்புக் கூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ருஸ்லான் முதன்முதலில் பறந்தது 1982 டிசம்பர் 24. கூடத்தின் நிறுவனரான ஓலெக் அன்டோனோவ் அந்தப் பறத்தலைப் பார்த்தார். ஆனால் உலகம் தன் விமானத்தை வியந்து பார்ப்பதைக் காண அவர் இருக்கவில்லை. 1984இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பாரிஸ் விமானக் கண்காட்சியில் ருஸ்லான் வெளியுலகின் கண்ணுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. அதே 1985 ஜூலையில் 171 டன் சுமையை 10 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற்றி உலகச் சாதனை படைத்தது. 1987 மே மாதம், எங்கும் இறங்காமல் 25 மணி நேரத்துக்கு மேல் பறந்து 20,000 கிலோமீட்டரைத் தாண்டியது.

விமானம் ஒரு தேசத்தின் உழைப்பாக இருக்கவில்லை. வடிவமைப்பு கீவில். கட்டுமானம் கீவிலும், ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் உள்ள உல்யனோவ்ஸ்க் நகரிலும். நான்கு எந்திரங்களும் உக்ரேனின் தென்கிழக்கே உள்ள சப்போரிஷியாவிலிருந்து வந்தன. அன்று இவை யாவும் ஒரே நாட்டின் ஊர்கள். ஓர் ஊரில் செய்த உறுப்பை இன்னோர் ஊருக்கு அனுப்ப எந்த எல்லையையும் கடக்க வேண்டியிருக்கவில்லை.

எடையல்ல, அளவுதான் சிக்கல்

சரக்கு விமானம் என்றால் பலரும் எத்தனை டன் தூக்கும் என்றுதான் கேட்பார்கள். ருஸ்லான் 120 டன் தூக்கும். மேம்படுத்தப்பட்ட வகை 150 டன் வரை தூக்கும். ஆனால் போயிங் 747-8 சரக்கு விமானமும் 130 டன்னுக்கு மேல் தூக்கக்கூடியதுதான். அப்படியானால் ருஸ்லானுக்கு என்ன தனிச்சிறப்பு?

சிக்கல் சரக்கின் உருவத்தில் இருக்கிறது. பெட்டி பெட்டியாக 130 டன் ஏற்றுவது வேறு. ஒரே துண்டாக 100 டன் எடையுள்ள இயந்திரத்தை ஏற்றுவது வேறு. கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் வரும் லோரி ஓட்டுநர்களைக் கேட்டால் இந்த வேறுபாடு உடனே புரியும். கொள்கலனுக்குள் அடங்கும் சரக்கை யார் வேண்டுமானாலும் இழுத்துப் போவார்கள். கொள்கலனுக்குள் அடங்காத மின்மாற்றியையோ கொதிகலனையோ இழுக்க, தாழ்வான தளமும் பல சக்கரங்களும் கொண்ட தனி லோரி வேண்டும். அதற்கென்று பழகிய ஆட்களும் வேண்டும்.

வானத்தில் அந்தத் தனி லோரிதான் ருஸ்லான். அதன் சரக்கு அறை ஏறத்தாழ 36 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், 4.4 மீட்டர் உயரம். 40 அடி கொள்கலன் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் நீளம் அது. விமானத்தின் மூக்கு அப்படியே மேல்நோக்கித் திறக்கும். பின்பக்கமும் திறக்கும். வண்டிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம்.

இன்னொரு வசதி, அது மண்டியிடும். முன்சக்கரங்களை மடக்கிக்கொண்டு மூக்கைத் தரையருகே தாழ்த்தும், சாய்தளம் விரியும், சரக்கு உருண்டோ இழுபட்டோ உள்ளே போகும். உள்ளே கூரையில் ஓடும் பாரந்தூக்கிகள் சேர்ந்து 30 டன் வரை தூக்கும். ஆகவே, பெரிய கிரேன் இல்லாத சிறிய விமான நிலையத்திலும் தானே ஏற்றி, தானே இறக்கிக்கொள்ளும். போயிங் 747இன் தளமோ தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தரைக்கருவிகள் இல்லாவிட்டால் சரக்கு இறங்காது.

ருஸ்லானுக்கு மொத்தம் 24 சக்கரங்கள். முழுச்சுமையோடு 400 டன் வரை எடையுள்ள விமானம் சீராக அமைக்கப்படாத ஓடுபாதையிலும் இறங்குவதற்காக அந்த ஏற்பாடு. போர்க்களத்தை மனத்தில் வைத்துச் செய்ததுதான். ஆனால் நிலநடுக்கம் வந்த ஊருக்கும், சாலை இல்லாத சுரங்கத்துக்கும் அதே வசதி பயன்பட்டது.

படையிலிருந்து சந்தைக்கு

1980களின் இறுதியில் சோவியத் பொருளாதாரம் தள்ளாடியது. அன்டோனோவ் கூடத்துக்கு அரசுப் பணம் வருவது குறைந்தது. கையில் இருந்ததோ உலகில் வேறு யாரிடமும் வாடகைக்குக் கிடைக்காத விமானம். 1989இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து அன்டோனோவ் வெளிநாட்டுச் சரக்கை ஏற்றத் தொடங்கியது. 1990இல் உல்யனோவ்ஸ்க் நகரில் வோல்கா-நீப்பர் என்ற நிறுவனம் பிறந்தது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. விமானத்தை வடிவமைத்தவர்கள் உக்ரேனியர்கள் ஆனார்கள். அதில் பாதியைக் கட்டியவர்கள் ரஷ்யர்கள் ஆனார்கள். 1992 டிசம்பரில் விமானத்துக்கு வணிகச் சான்றிதழ் கிடைத்தது.

அதன் பிறகு அது சுமந்தவற்றைப் பார்த்தால் கடந்த 30 ஆண்டுகளின் உலக வரலாறே தெரியும்.

1990இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே வேலை செய்துவந்த பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் ஜோர்டானுக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களில் 450 பேருக்கு மேற்பட்ட வங்காளதேசத்தவர்களை ஒரே பயணத்தில் அம்மானிலிருந்து டாக்காவுக்கு ருஸ்லான் கொண்டுசேர்த்தது. அது பயணிகள் விமானமே இல்லை.

1993இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரிலிருந்து புதுடில்லிக்கு ஒரு மின்னாக்கி பறந்தது. தாங்குசட்டத்தோடு அதன் எடை 135 டன். ஒரே துண்டாக வானில் போன மிகக் கனமான சரக்குகளில் அதுவும் ஒன்று. மறு ஆண்டு கனடாவிலிருந்து அயர்லாந்துக்கு முழு ரயில் எந்திரம் ஒன்று விமானத்தில் போனது. அந்த வரிசையில் முதல் எந்திரம் மட்டும் விமானத்தில், மற்றவை கப்பலில். சோதனை ஓட்டத்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் செலவு. ருஸ்லானின் வணிகம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கும். கப்பலுக்குக் காத்திருந்தால் ஏற்படும் நட்டம், விமான வாடகையைவிடப் பெரியதாக இருக்கும்போது ருஸ்லான் அழைக்கப்படும்.

2001இல் தென்சீனக் கடலின் மேல் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சேதமடைந்த அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் இறங்கியது. அதைப் பறந்து போகச் சீனா அனுமதிக்கவில்லை. கடைசியில் அது பிரிக்கப்பட்டு, ரஷ்ய நிறுவனம் ஒன்றின் ருஸ்லானில் ஏறித்தான் வீடு திரும்பியது. 2005இல், இத்தாலி 1937இல் எத்தியோப்பியாவிலிருந்து எடுத்துப்போன ஆக்சும் கல்தூண் மூன்று துண்டுகளாக ருஸ்லானில் ரோமிலிருந்து தாயகம் வந்தது. 1,700 ஆண்டுப் பழமையான கல்லுக்கும் இந்த விமானம்தான் பொருந்தியது.

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையில் இந்தியாவில் உயிர்வாயு இல்லாமல் மக்கள் தவித்தபோது, வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து ஒரு ருஸ்லான் டில்லிக்குப் பறந்தது. உள்ளே ஒவ்வொன்றும் 18 டன் எடையுள்ள மூன்று உயிர்வாயு உற்பத்தி இயந்திரங்களும், ஆயிரம் சுவாசக் கருவிகளும் இருந்தன. இங்குள்ள பல குடும்பங்கள் தமிழகத்து உறவினர்களைப் பற்றிக் கவலையோடு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

மலேசியாவும் இந்த விமானத்தைப் பார்த்திருக்கிறது. அரச மலேசிய ஆகாயப் படை வாங்கிய 18 சுகோய் போர் விமானங்களில் முதல் இரண்டு, 2007இல் ருஸ்லானின் வயிற்றுக்குள் இருந்தபடிதான் கிழக்குக் கரையின் கோங் கெடாக் தளத்துக்கு வந்துசேர்ந்தன.

எதிரிகளும் பகிர்ந்துகொண்ட விமானம்

வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்த விமானத்தை அதிகம் நம்பியிருந்தவர்களில் சிலர், இது யாரை எதிர்ப்பதற்காகக் கட்டப்பட்டதோ அவர்கள்தாம்.

அமெரிக்காவின் அட்லஸ்-5 ராக்கெட்டின் பெரும் பாகங்கள் கேப் கனாவெரல் ஏவுதளத்துக்கு ருஸ்லானில் போயின. போயிங் 777 விமானத்துக்கான பிரம்மாண்ட எந்திரங்களை வோல்கா-நீப்பரின் ருஸ்லான்கள் சுமந்தன. நேட்டோ நாடுகளும் அவற்றின் கூட்டாளிகளும் 2006 முதல் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் இவ்விமானங்களை லைப்ஸிக்கில் தயார்நிலையில் வைத்திருக்கப் பணம் கொடுத்தன. ஆப்கானிஸ்தானுக்குப் படைச்சரக்கு இப்படித்தான் போனது. நேட்டோவுக்கு எதிராக வடிவமைக்கப்பட்ட விமானத்தை நேட்டோவே வாடகைக்கு எடுத்தது. உக்ரேனிய நிறுவனமும் ரஷ்ய நிறுவனமும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்தன.

ஏன் அவர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை? அமெரிக்காவிடம் சி-5 இருக்கிறது; ஆனால் அது படைக்கு மட்டும். ஐரோப்பிய நாடுகளைப் பொறுத்தவரை, ஆண்டில் சில முறை மட்டும் தேவைப்படும் விமானத்தை வாங்கி நிறுத்துவதைவிட வாடகை மலிவு. சந்தையில் கிடைக்கும்போது கட்டுவானேன் என்ற எண்ணம்தான் 20 ஆண்டுகள் நீடித்தது.

வாடகை வேலை ஆபத்தில்லாததாகவும் இருக்கவில்லை. 1997 டிசம்பரில் சைபீரியாவின் இர்குட்ஸ்கில், வியட்நாமுக்குப் போர் விமானங்களை ஏற்றிக் கிளம்பிய இராணுவ ருஸ்லானின் எந்திரங்கள் அடுத்தடுத்து நின்றுபோயின. அது குடியிருப்பின் மேல் விழுந்து 72 பேர் மாண்டார்கள். 2020 நவம்பரில் நோவோசிபிர்ஸ்கில் ஒரு ருஸ்லானின் எந்திரம் வெடித்துச் சிதறியது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த நிறுவனம் தன் ருஸ்லான்களைச் சில காலம் நிறுத்திவைத்தது. ஒரே நிறுவனத்தின் ஒரு முடிவால் உலகின் பெருஞ்சரக்குப் போக்குவரத்தில் பாதிக்கு மேல் நின்றுபோக முடியும் என்பதை அன்றே பலர் கண்டார்கள்.

2022 பிப்ரவரி

பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தபோது, முதல் நாளிலேயே குறிவைக்கப்பட்ட இடங்களில் ஒன்று கீவுக்கு அருகிலுள்ள ஹோஸ்டோமெல். அது அன்டோனோவ் நிறுவனத்தின் சொந்த விமான நிலையம். அங்கே நடந்த சண்டையில் ‘மிரியா’ எனப்படும் ஏஎன்-225 அழிந்தது. ருஸ்லானை நீட்டி, எந்திரங்களை ஆறாக்கி, 1988இல் முதலில் பறந்த அந்த விமானம் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ‘மிரியா’ என்றால் உக்ரேனிய மொழியில் கனவு.

அன்டோனோவின் எஞ்சிய விமானங்கள் லைப்ஸிக்கைத் தாயகமாக்கிக்கொண்டன. சிலவற்றின் உடலில் புச்சா, இர்பின், கார்கிவ் என்று போரில் அடிபட்ட ஊர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. சொந்த நாட்டில் இறங்க முடியாத விமானங்கள் அந்தப் பெயர்களோடு உலகைச் சுற்றுகின்றன.

ரஷ்யாவின் பக்கம் வேறு கதை. பிப்ரவரி 27ஆம் தேதி வோல்கா-நீப்பரின் ருஸ்லான் ஒன்று கோவிட் பரிசோதனைக் கருவிகளை இறக்குவதற்காகக் கனடாவின் டொரோண்டோவில் தரையிறங்கியது. அது திரும்பக் கிளம்புவதற்குள் கனடா தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடிவிட்டது. அன்று நின்ற விமானம் அங்கேயே நின்றுவிட்டது. நிறுத்துமிடக் கட்டணம் நிமிடத்துக்கு 74 கனடியக் காசு என்று செய்திகள் வெளிவந்தன. 2023 ஜூனில் கனடிய அரசு அதைக் கைப்பற்றுவதாக அறிவித்தது. உக்ரேனுக்குக் கொடுப்பதே எண்ணம். லைப்ஸிக்கில் இன்னும் மூன்று ரஷ்ய ருஸ்லான்கள் அதேபோல் மாட்டிக்கொண்டன. ஒரே விமான நிலையத்தில், ஒரு பக்கம் பறக்கும் உக்ரேனிய ருஸ்லான்கள். மறுபக்கம் அசையாமல் நிற்கும் ரஷ்ய ருஸ்லான்கள்.

வோல்கா-நீப்பரிடம் இருந்த 12 விமானங்களில் நான்கு இப்படி வெளிநாட்டில் முடங்கின. மற்றவை தடைகளால் பெரும்பாலான நாடுகளுக்குப் போக முடியாதவை. உலகச் சந்தையிலிருந்து பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் மறைந்துபோயின.

மீண்டும் கட்ட முடியாதா?

தேவை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. பின் ஏன் புதிதாகக் கட்டக்கூடாது என்று கேட்கலாம். கட்டுவதற்கு முயலாமல் இல்லை. 2000களில் ரஷ்யாவும் உக்ரேனும் உற்பத்தியை மீண்டும் தொடங்கப் பல முறை பேசின. 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டதும் அந்தப் பேச்சு செத்துவிட்டது.

பிரித்தால் இரு பக்கமும் குறை. ரஷ்யாவிடம் உல்யனோவ்ஸ்க் தொழிற்சாலை இருக்கிறது. எந்திரத்தின் மூலமும் வடிவமைப்பின் உரிமையும் உக்ரேனிடம். உக்ரேனிடம் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்திர நகரமான சப்போரிஷியா போர்முனைக்கு அருகில் இருக்கிறது, அங்குள்ள தொழிற்சாலை ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது. கீவில் இருக்கும் தொழிற்சாலையின் கதியும் ஏறக்குறைய அதுதான். ஒரு விமானத்துக்கு வேண்டிய எல்லாம் இரு நாடுகளிலும் சேர்த்து இருக்கின்றன; எந்த ஒரு நாட்டிலும் முழுமையாக இல்லை.

இதைவிடக் கடினமானது கைப்பழக்கம். வரைபடத்தைப் பார்த்தால் மட்டும் விமானம் கட்ட முடியாது. எந்தத் தகட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எங்கே விரிசல் முதலில் வரும், எந்த அச்சை எப்படிப் பொருத்தினால் பிசகாது என்பதெல்லாம் தொழிலாளியின் கையில் இருக்கும் அறிவு. 2004இல் கடைசி விமானத்தை முடித்தபோது 40 வயதில் இருந்தவருக்கு இப்போது 60 வயது கடந்துவிட்டது. பால் மரம் வெட்டும் கையைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வது இங்கும் பொருந்தும். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்போது பழகாவிட்டால், பிறகு கத்தி மட்டுமே மிஞ்சும்.

இருக்கும் விமானங்களுக்கும் வயதாகிறது. அவற்றின் ஆயுளை நீட்டிக்க உதிரிப்பாகம் வேண்டும், எந்திரத்தைப் பிரித்துச் செப்பனிட வேண்டும். கீவிலிருந்து ஒரு விமானத்தை ஆபத்தான வானில் வெளியே கொண்டுவந்ததன் பொருள் இங்கேதான் இருக்கிறது. புதியது வராத இடத்தில் பழையது ஒவ்வொன்றும் பொன்.

மாற்று என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் சி-5 விமானங்களில் 52 நவீனப்படுத்தப்பட்டு ஓடுகின்றன, வாடகைக்கு இல்லை. சி-17 நல்ல விமானம். சுமார் 77 டன் தூக்கும். இந்திய ஆகாயப் படையிடமும் 11 இருக்கின்றன. ஆனால் மொத்தம் 279 கட்டிய பின் 2015இல் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டுவிட்டது. மூக்கைத் திறந்து நீளச் சரக்கை ஏற்றக்கூடிய போயிங் 747இன் கடைசி விமானம் 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது. புதிய சரக்கு விமானங்களில் பக்கவாட்டுக் கதவு மட்டும்தான்.

ஏர்பஸ் நிறுவனம் தன் சொந்த உறுப்புகளைச் சுமந்த பெலுகா விமானங்களை 2022இல் வாடகைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்க்கப்பட்டது. உள்ளே இடம் அதிகம். ஆனால் தானே ஏற்றி இறக்கும் வசதி இல்லை. 2025இல் அந்தச் சேவை மூடப்பட்டது. காற்றாலை இறக்கைகளைச் சுமக்க ‘விண்ட்ரன்னர்’ என்ற மாபெரும் விமானத்தைக் கட்டப்போவதாக அமெரிக்காவின் ரேடியா நிறுவனம் சொல்கிறது. அது இன்னும் பறக்கவில்லை. சீனாவின் ஒய்-20 உற்பத்தியில் இருக்கிறது. 2013இல் முதலில் பறந்த அது சுமார் 66 டன் தூக்கும். படைக்காகக் கட்டப்படும் விமானம் அது. உலகில் பெரிய சரக்கு விமானங்களைத் தொடர்ந்து கட்டிவரும் நாடுகளில் சீனாவும் ஒன்று என்பதே கவனிக்க வேண்டியது.

மலேசியாவுக்கு இதில் என்ன?

மலேசியாவிடம் நான்கு ஏ400எம் விமானங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே அதை முதலில் வாங்கிய நாடு மலேசியாதான். 2015 முதல் 2017 வரை வந்துசேர்ந்த அவை சுபாங் தளத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 37 டன் வரை தூக்கும். வெள்ள நிவாரணம், வெளிநாட்டு உதவி, சபா சரவாக்குக்குப் படைச்சரக்கு என்று பெரும்பாலான தேவைகளுக்கு அவை போதும்.

போதாத நாளும் வரலாம். எண்ணெய் எரிவாயுத் துறையிலும் மின்நிலையங்களிலும் 60, 70 டன் எடையுள்ள ஒற்றை இயந்திரங்கள் சாதாரணம். அப்படி ஒன்று திடீரென்று பழுதானால், மாற்று இயந்திரம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். முன்பு தொலைபேசியை எடுத்தால் 20 விமானங்களில் ஒன்று கிடைத்தது. இன்று அதே ஆறேழு விமானங்களுக்கு நேட்டோ படைகள், விண்கோள் நிறுவனங்கள், விமான எந்திர ஆலைகள், நிவாரண அமைப்புகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் சிறிய நாடுகள் முன்னால் நிற்பதில்லை. கூடும் வாடகை கடைசியில் மின்கட்டணத்திலும் பொருள் விலையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதே நேரத்தில் மலேசியாவுக்கு இந்தக் கதையில் வேறோர் இடமும் உண்டு. மலாக்காவின் பத்து பெரெண்டாமில் உள்ள சி.டி.ஆர்.எம். ஆலை, ஏ400எம் உள்ளிட்ட ஏர்பஸ் விமானங்களுக்குக் கலப்புப்பொருள் பாகங்களைச் செய்து அனுப்புகிறது. விமானத்தை முழுதாகக் கட்டும் நாடு அல்ல மலேசியா. ஆனால் கட்டும் சங்கிலியில் ஒரு கண்ணி. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் விமானத்துறை என்றால் விமானி என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் கையும், பாகம் செய்யும் கையும் உலகில் குறைந்துவருகின்றன என்பதைத்தான் ருஸ்லானின் நிலை காட்டுகிறது.

கண்ணியாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. கீவும் உல்யனோவ்ஸ்க்கும் சப்போரிஷியாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அந்தப் பிணைப்பு அறுபட ஒரு போர் போதுமானதாக இருந்தது. அறுந்த பிறகு, இரு பக்கமும் உள்ள திறமைசாலிகள் சேர்ந்தாலொழிய அந்த விமானம் மீண்டும் பிறக்காது. அவர்கள் சேர்வதற்கான அறிகுறி இப்போதைக்கு எங்கும் தென்படவில்லை.

லைப்ஸிக் ஓடுபாதையிலிருந்து ருஸ்லான்கள் இன்றும் எழும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் அவற்றின் மிச்ச ஆயுள் கொஞ்சம் குறைகிறது. அது தீர்வதற்குள் அதன் இடத்தை நிரப்பும் விமானத்தை யாராவது கட்டி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த பேரிடரில் 18 டன் உயிர்வாயு இயந்திரமோ 100 டன் மின்னாக்கியோ அவசரமாகத் தேவைப்படும் ஊர், கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.